தொழிலிடைக் கற்றல்

ஒரு தொழிலைத் திறம்படச் செய்தல் வேறு. அதனைப் பிறரைக் கொண்டு திறம்படச் செய்வித்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதனால் கந்தோர்களிலும் தொழிற்சாலைகளிலும் விளையும் இடர்ப்பாடுகள் பல. கைத்திறன் மிக்க எழுதுவினைஞர் ஒருவர் ஒருநாள் முகாமையாளராக உயர்த்தப்படுகின்றார். அன்றுமுதல் அவர் பிறர் வேலைக்குப் பொறுப்பாளி. அப்பொறுப்பைத் தாங்கும் வகையை அவருக்குக் கற்பித்தவர் யாவர்?

எம்மிடம் தமிழ் கற்ற ஒருவர் இங்ஙனம் உயர்வு பெற்றபின் எம்மைக் காண வந்தார். "ஐயா, பத்துத்தரம் சொன்னாலும் பிழையாகவே செய்கிறார்கள். ஈற்றில் நானே இருந்து எல்லாவற்றையும் முடிக்கிறேன்" என வருந்தினார். "சொன்னீர், சரி. செய்து காட்டி, அவர்களைச் செய்யவைத்துப் பார்த்தீரா?" என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை.

இதே வினா இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் நாடளாவி எழுந்தது. போர்த் தளபாட உற்பத்தி பெருகவே, தொழிலனுபவமற்ற மக்கள் பெருந்தொகையாகத் தொழிற்சாலைகளுட் புகுந்தனர். அவர்களைப் பழக்குதற்கென 1940ஆம் ஆண்டில் 'தொழிலகப் பயிற்சி' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. அது தொழிலாளரை நடத்தும் மேற்பார்வையாளரையே முதலிற் பயிற்றியது. அவர்களை வேலைத்தலத்தினின்று மாதக்கணக்கிற் பிரித்தெடுத்தல் இயலாது. ஆகவே ஒவ்வொரு பாடநெறியும் இவ்விரண்டு மணித்தியாலங் கொண்ட ஐந்து அமர்வுகளாக அமைந்தது. ஒரு குழுவில் ஏறக்குறையப் பத்துப் பேரே இருந்தனர்.

அடிப்படைப் பாடநெறிகள் மூன்று: வேலையைக் கற்பித்தல், வேலைமுறையைத் திருத்துதல், தொழிலாளரோடு நல்லுறவு பேணுதல். முதலாவதன் படிகள் நான்காம். கற்பவரை ஆயத்தஞ் செய்தல். செய்து காட்டி விளக்குதல். அவரைச் செய்யவைத்துப் பிழை திருத்தல். பின்னர்த் தனியே விட்டு இடையிடையே கவனித்தல். முதலாம் உலகப் போர்க்காலத்திற் கப்பல் கட்டுவோரைப் பயிற்றச் சாள்ஸ் அலன் என்பார் கையாண்ட நாற்படி முறையே இதற்கு மூலம். ஆசிரிய கலாசாலையிற் பயின்றோர்க்கு ஹேர்பாட்டின் வழிவந்த பாடப்படிகள் இங்கே நினைவுக்கு வரும். வகுப்பறையின் முறை பட்டறைக்கும் பொருந்திற்று.

இரண்டாம் பாடநெறி, வேலையை நுண்கூறுகளாகப் பிரித்து, 'இஃது ஏன் வேண்டும்? எங்கே, எப்போது, யாரால், எவ்வாறு செய்யத்தக்கது?' என ஒவ்வொன்றையும் வினவச் செய்தது. வேண்டாதது நீக்கப்படும், சேரத்தக்கன சேர்க்கப்படும், ஒழுங்கு மாற்றப்படும், எஞ்சியது எளிதாக்கப்படும். ஒரே விபரத்தை மூன்று பதிவேடுகளில் எழுதும் கந்தோருக்கு இவ்வினாக்களின் பயனை விரித்துரைத்தல் மிகை.

இப்பயிற்சி பகுதிநேரமாக அமைந்தமையே இதன் வலிமை என்பது எமது கருத்து. ஒவ்வொருவரும் தத்தம் வேலைத்தலத்து வேலையொன்றையே அமர்வுக்குக் கொணர்ந்து செய்து காட்டினர். இன்று கற்றதை நாளை தம் தொழிலாளரிடத்துச் சோதித்துப் பார்க்கலாம். அங்கே கண்ட இடரோடு மறு அமர்வுக்கு வரலாம். பாடமும் தொழிலும் ஒன்றையொன்று திருத்தின. 1945ஆம் ஆண்டில் அத்திட்டம் முடிவுற்றபோது, 16,000க்கும் மேற்பட்ட தொழிலகங்களில் 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பயிற்சிச் சான்று பெற்றிருந்தனர். போரின் பின் யப்பான் இம்முறையை ஏற்றது. 1950களின் தொடக்கத்தில் இதனைக் கைக்கொண்ட தொயோட்டா நிறுவனம், தன் தொழில்முறைக்கு அடிப்படைகளுள் ஒன்றாக அதனை வளர்த்தது.

எனினும் ஒன்று கூறுதல் வேண்டும். கற்று வந்தவர் ஒரு திருத்தத்தைச் செய்ய முற்படுகையில், "இதுகாறும் நடந்தவாறே நடக்கட்டும்" என மேலிடத்தார் தடுப்பின், கற்ற கல்வி பாழாம். பயிற்சிக்கு அனுப்புவோர் அதன் பயனை ஏற்கவும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

முன்னர்க் கூறிய மாணவர் பின்பு வார இறுதி வகுப்பொன்றிற் சேர்ந்தார். சில மாதங்களின் பின் வந்து, "ஐயா, ஒரு பதிவேட்டை மூடிவிட்டோம். புதிதாக வந்த பிள்ளை இப்போது படிவங்களைத் தானே நிரப்புகிறாள். நானும் வேளைக்கு வீடு செல்கிறேன்" என்றார்.

எமது பழைய மாணவருட் பலர் இன்று பிறரை நடத்தும் நிலையிலுள்ளனர். மாணவராக இக்கல்லூரி வாயிலினுட் புகுந்த நாளை அவர்கள் நினைவுகூர்வாராக. தலைமை பெற்றபின்னும் வாரத்திற் சில மணித்தியாலம் மீண்டும் மாணவராதல் இழுக்கன்று; தமக்குக் கீழ்ப் பணியாற்றுவோர்க்குச் செலுத்த வேண்டிய கடனுமாம்.