சவர்க்காரத்தில் முந்தித் தீர்வது எது?

பிரிக்ஃபீல்ட்ஸில் நம் கடைக்கு வந்த ஓர் அன்பர், வெந்துபோன விரல்களைக் காட்டினார். வீட்டிலே காய்ச்சிய சவர்க்காரத்தால் வந்த வினை. ஐந்து கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஒரு கிலோ காஸ்டிக் சோடா போட்டாராம். "வாங்கிய பொட்டலத்தை மிச்சம் வைப்பானேன்?" என்றார். நல்ல சிக்கனம்!

நாம் மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் கண்டவர்தாம். எனினும் நான்காம் படிவம் படிக்கும் மகனின் இரசாயனப் பாடத்தில் இதற்கு வழி கண்டோம். எண்ணெயின் ஒரு மூலக்கூற்றுக்குச் சோடா மூன்று வேண்டும். தேங்காய் எண்ணெயின் மூலக்கூற்று எடை சராசரி 656. சோடாவின் எடை 40, மூன்றுக்கு 120. 120-ஐ 656-ஆல் வகுக்க 0.183. ஆகவே கிலோ எண்ணெய்க்கு 183 கிராம் சோடா.

அன்பரின் ஐந்து கிலோவுக்கு 915 கிராம் போதும். எண்ணெய் முந்தித் தீர்ந்தது. மிஞ்சிய 85 கிராம் சோடா கையைச் சுட்டது. மாவு மலையாய்க் கிடந்தாலும் முட்டை தீர்ந்தால் ரொட்டி தெலூர் நின்றுவிடுகிறதல்லவா? அப்படி முந்தித் தீர்வதே விளைச்சலின் அளவை நிர்ணயிக்கும். இதனை வினைக் கட்டுப்பாட்டுக் காரணி என்பர்.

சவர்க்காரத்தில் சோடாவே முந்தித் தீரவேண்டும். மிஞ்சும் எண்ணெய் நாளானால் சிக்கு வாடை வீசும், அவ்வளவே. தேர்ந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து குறைத்து, ஐந்து கிலோவுக்கு 870 கிராம் அளவே போடுவர். சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடவேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

அன்பரிடம் இன்னும் முக்கால் கிலோ எண்ணெய் சேர்த்து, கையுறை அணிந்து, மறுபடி காய்ச்சச் சொன்னோம்.