அரசின் சிக்கனமும் அயல்வீட்டு அடுப்பும்



2023இல் ஒரு நாள், கணவனை இழந்த சகோதரி ஒருவர் மின்சாரப் பட்டியலோடு எமது காரியாலயத்துக்கு வந்தார். வீட்டு இணைப்பு வெட்டப்பட்டிருந்தது. “நானா, சாப்பாட்டை நான் எப்படியாவது பாத்துக்குவேன். புள்ள இந்த வருஷம் ஓ லெவல். கரண்ட் வந்தாப் போதும்” என்றார். அவர் போனபின் நிர்வாகத்தில் ஒருவர், “செலவைச் சுருக்கத் தெரியாத ஆக்களுக்கெல்லாம் நாங்களா பொறுப்பு?” என்று கேட்டார். அந்த நேரம் எனக்கும் பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்காகவே இம்மாதப் பாடம்.

சலுகை யாருக்குப் போனது?

2019 டிசம்பரில் வற் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தொடர்ந்து, சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கப்பட்ட வருமான வரியும் நீக்கப்பட்டது. அந்த வரி கட்டுமளவு சம்பளம் பெற்றவர்களுக்கே அதன் பலன் கிடைத்தது. அரசின் வருமானம் விழுந்தது. கொரோனாவோடு சுற்றுலாவும் படுத்தது. 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்தியது.

சுமை யார் தலையில் விழுந்தது?

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடனுக்கு அங்கீகாரம் அளித்தது. அரசு வரவைக் கூட்டிச் செலவைக் குறைக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஏற்கெனவே 15 சதவீதத்துக்கு ஏறியிருந்த வற் வரி, 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. சமையல் எரிவாயுவும் அதற்குள் வந்தது. மின் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தது. மிகக் குறைந்த அலகுகள் பாவித்த வீடுகளுக்கு அதைவிடக் கூடிய விகிதத்தில் ஏறியது. பிறகு கட்டணம் குறைக்கப்பட்டாலும், அதற்குள் பல வீடுகள் இருண்டுவிட்டன.

2023 ஜூலையில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகள் விடுபட்டன. ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளும் கடை ஊழியர்களும் முதுமைக்கென்று சேர்த்த ஊழியர் சேமலாப நிதியே அந்தச் சுமையை ஏற்றது. அந்த ஆண்டில் நால்வரில் ஒருவர் வறுமைக் கோட்டின் கீழ் இருந்ததாக உலக வங்கி மதிப்பிட்டது.

ஆகவே அந்தச் சகோதரி செலவைச் சுருக்கத் தெரியாதவர் அல்லர். சுருக்குவதற்கு அவரிடம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

ஸகாத் கற்றுத் தரும் நீதி

அரசின் கஜானா காலியானால் சிக்கனம் தேவைதான். அதை மறுக்க முடியாது. அதை எங்கிருந்து தொடங்குவது என்பதே கேள்வி. ஸகாத் முதலில் கொடுப்பவரின் நிலையைப் பார்க்கிறது. நிஸாப் அளவு செல்வம் இருக்க வேண்டும், அதன்மீது ஓராண்டு கழிய வேண்டும். இல்லாதவரிடம் அது ஒரு சதமும் கேட்பதில்லை. வற் வரி ஆளைப் பார்ப்பதில்லை. ஒரு காஸ் சிலிண்டருக்கு மாடிவீட்டுக்காரரும் கூலிக்காரரும் ஒரே வரியைத்தான் கட்டுகிறார்கள். தொகை ஒன்று, பாரம் வேறு.

ஹிஜ்ரி 18இல் மதீனாவைப் பஞ்சம் வாட்டியபோது, மக்களுக்குக் கிடைக்கும்வரை கலீஃபா உமர் (ரழி) நெய்யையும் இறைச்சியையும் தொடவில்லை என்று வரலாறு சொல்கிறது. அங்கே சிக்கனம் மேலிருந்து தொடங்கியது.

நாம் செய்யக்கூடியவை

1. உதவி கேட்டு வருபவரிடம் கணக்கு விசாரிக்கும் தொனியை விடுவோம். வாசல்வரை வருவதற்கே அவர் எத்தனை நாள் யோசித்திருப்பார்!

2. அஸ்வெசும பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள் அயலில் இருந்தால், மேன்முறையீட்டுப் படிவம் நிரப்பப் படித்த பிள்ளைகள் கைகொடுக்கட்டும். அது பிச்சையல்ல, உரிமை.

3. ஸகாத் கொடுத்துவிட்டோம் என்று வாய் மூடியிருக்க வேண்டாம். வாக்குக் கேட்டு வருபவரிடம், எந்த வரியை யாருக்குக் கூட்டுவீர்கள், யாருக்குக் குறைப்பீர்கள் என்று கேளுங்கள்.

வீட்டில் பேசிக்கொள்ள: எமது வீட்டு வருமானத்தில் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் எவ்வளவு போகிறது? அதில் பாதி வருமானமுள்ள வீட்டில் எதை நிறுத்தியிருப்பார்கள்?

அந்தச் சகோதரியின் பட்டியலைக் கட்டினோம், இணைப்பு வந்தது. அடுத்த மாதப் பட்டியலும் வந்தது. எமது வேலை ஒரு பட்டியலோடு முடிவதில்லை என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்