திருத்திய பின்னும் இறுகும் பிறேக்: காரணத்தைக் கண்டறிவோம்

பிறேக் பிடிக்காத வாகனம் ஆபத்தானது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். பிடித்த பிறேக் விடாமல் இருப்பதும் அதே அளவு ஆபத்தானது என்பதைப் பலர் அறிவதில்லை. இப்பாடத்தில் அதைப் பற்றியே பார்க்கப் போகிறோம்.

இந்தப் பாடம் ஏன்?

1990 இலும், பின்னர் 2007 முதல் 2009 வரையும் இடம்பெயர்ந்த மன்னார் மாவட்டக் குடும்பங்கள் பலவற்றுக்கு இருக்கும் இடம் ஒன்றாகவும் வயல் இன்னோர் இடமாகவும் ஆகிவிட்டது. விதைநெல்லையும் பசளையையும் கொண்டுபோக, அறுவடையை ஏற்றிவர, நோயாளியை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுசெல்ல ஒரு பட்டா வாகனமோ, முச்சக்கர வண்டியோ, பழைய வானோ, காரோ தேவைப்படுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களை இறக்குமதி செய்ய 2025 தொடக்கத்திலேயே மீண்டும் இடம் கிடைத்தது. இதனால் பழைய வாகனங்களைத் திரும்பத் திரும்பத் திருத்தி ஓட்டுவதே நமது வழியாயிற்று.

அவ்வாறு திருத்திய பின் நாம் கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "புது லைனர் போட்டோம். கராஜில் நன்றாக இருந்தது. பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடியதும் சில்லு கொதித்து இறுகிவிட்டது. அரை மணித்தியாலம் நின்றதும் தானாக விட்டுவிட்டது." மறுபடியும் கராஜ், மறுபடியும் உதிரிப்பாகம், மறுபடியும் கடன். பிழை இருக்கும் இடத்தைக் காணாமல் பொருளை மாற்றுவதால் வரும் செலவு இது. திருத்த வேலையை நீங்களே செய்ய வேண்டியதில்லை. பிழை எந்தப் பகுதியில் என்பதைக் கண்டு மெக்கானிக்கிடம் சொல்ல முடிந்தால், அதுவே பாதிச் செலவை மிச்சப்படுத்தும்.

பிறேக் பிடிப்பதும் விடுவதும்

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் பஸ்கால் விளக்கினார். நமது வாகனத்தின் பிறேக் இந்த விதிப்படியே இயங்குகிறது. காலால் மிதியை அழுத்தும்போது ஒரு தண்டு மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிறேக் ஒயில் குழாய் வழியே சில்லுகளுக்குச் சென்று, அங்குள்ள லைனரை டிரம்மின் மீது அழுத்துகிறது. டிஸ்க் பிறேக்கானால் பாட் தகட்டை இறுக்கிப் பிடிக்கிறது.

காலை எடுத்ததும் அந்த ஒயில் திரும்பிவர வேண்டும். அதற்காக மாஸ்டர் சிலிண்டரில் ஒரு மிகச் சிறிய துவாரம் உண்டு. பிஸ்டன் முற்றாகப் பின்வாங்கினால்தான் அது திறக்கும். திறந்தால்தான் ஒயில் தாங்கிக்குத் திரும்பும். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் பயிர் செய்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வயலுக்கு வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ வடிகாலும் அவ்வளவு முக்கியம். வடிகால் அடைபட்ட வயல் போலத்தான் இந்தத் துவாரம் அடைபட்ட பிறேக்கும்.

சூடு சூட்டை வளர்க்கும்

துவாரம் சிறிதளவு மூடியிருந்தாலும் கொஞ்ச அழுத்தம் உள்ளே தங்கிவிடும். லைனர் டிரம்மில் மெல்ல உரசும். உரசினால் சூடு. சூட்டினால் ஒயில் விரியும். விரிந்த ஒயிலுக்குத் திரும்பிப் போக வழியில்லாததால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூட லைனர் இன்னும் இறுகும், இன்னும் சூடேறும். கடைசியில் சில்லு நின்றுவிடும். வாகனம் ஆறியதும் ஒயில் சுருங்கி பிறேக் விட்டுவிடும். குளிர்ந்த வாகனத்தைக் கராஜில் சோதிக்கும் மெக்கானிக்குப் பிழை தெரியாமல் போவது இதனால்தான்.

இதற்கு மேலும் ஓட்டினால் நிலைமை தலைகீழாகும். டொட் 3 வகைப் பிறேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறிய டொட் 3 ஒயிலுக்கு வரையறுக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை 140 பாகை மட்டுமே. ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிறையும். அப்போது மிதி வெறுமையாகத் தரைவரை போகும். இறுகிக் கிடந்த பிறேக் இல்லாத பிறேக்காக மாறிவிடும். இறுகினாலும் "மெதுவாக ஓட்டி வீட்டுக்குப் போய்விடலாம்" என்று எண்ணக்கூடாது என்பது இதனால்தான்.

மலைநாட்டில் இறக்கத்தில் தொடர்ந்து பிறேக் பிடிப்பதால் நல்ல வாகனத்திலும் சில்லு சூடேறும். நமது மாவட்டமோ சமதரை. மன்னாரிலிருந்து மதவாச்சி வரை போனாலும் பெரிய இறக்கம் இல்லை. ஆகவே இங்கே ஒரு சில்லு மற்றவற்றைவிடக் கொதித்தால் அதைப் பிழையின் அடையாளமாகவே கொள்ள வேண்டும்.

முதற் கேள்வி: கடைசியாக என்ன வேலை செய்யப்பட்டது?

திருத்தத்திற்கு முன் இல்லாத குறை பின்னர் வந்திருந்தால், கைவைத்த இடத்தையே முதலில் பார்க்க வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டர் மாற்றப்பட்டதா? தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறு இடைவெளி இல்லாமல் போயிருக்கலாம். வேறு வாகனத்தின் சிலிண்டரைப் பொருத்தினாலும் இது நேரும். 

பிறேக் வெளிச்சத்தின் சுவிட்ச் சரிசெய்யப்பட்டதா? அது மிதியை முழுதாக மேலெழ விடாமல் தடுக்கலாம்.

புது லைனர் போடப்பட்டதா? அளவுக்கு மேல் இறுக்கியிருக்கலாம், ஸ்பிரிங் இடம் மாறியிருக்கலாம், கைப்பிறேக் கேபிள் இழுபட்டிருக்கலாம். 

பாட் மாற்றும்போது கலிப்பரை றப்பர் குழாயில் தொங்கவிட்டார்களா? குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். அப்படியான குழாய் ஒயிலைப் போகவிடும், திரும்ப விடாது.

சில்லின் பெயாரிங் திருத்தப்பட்டதா? அதை அளவுக்கு மீறி இறுக்கினாலும் சில்லின் நடுப்பகுதி கொதிக்கும். அது பிறேக்கின் பிழை அல்ல.

இரண்டாவது கேள்வி: எந்தச் சில்லு?

வாகனத்தை வழமை போல் ஓட்டுங்கள். கடைசி ஒரு கிலோமீற்றரில் இயன்றவரை பிறேக் பிடிக்காமல் வந்து சமதரையில் நிறுத்துங்கள். கையால் தொட வேண்டாம். ஒவ்வொரு சில்லின் நடுவிலும் இரண்டு மூன்று துளி தண்ணீர் மட்டும் தெளித்துப் பாருங்கள். எது சீறி ஆவியாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு சில்லும் கொதித்தால் பிழை மிதியிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ ஒயிலிலோ இருக்கும். பின்சில்லு இரண்டும் மட்டும் கொதித்தால் கைப்பிறேக்கையும் லைனர் இறுக்கத்தையும் பின்பக்க றப்பர் குழாயையும் பாருங்கள். ஒரு சில்லு மட்டும் என்றால் பிழை பெரும்பாலும் அந்தச் சில்லிலோ அதற்குப் போகும் குழாயிலோதான். சில கார்களில் குழாய் குறுக்காகப் போவதால் முன் இடமும் பின் வலமும் சேர்ந்து கொதிக்கக் கூடும்.

மூன்றாவது: அழுத்தம் எங்கே தங்கியிருக்கிறது?

இச்சோதனையைப் பிறேக் இறுகி நிற்கும்போதே, தெரிந்த ஒருவருடன் சேர்ந்து செய்ய வேண்டும். சில்லுகளுக்குக் கல் அணை கொடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே போகாதீர்கள். சூடான ஒயில் பீறிடும் என்பதால் கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள். ஏபிஎஸ் பொருத்திய வாகனமானால் இதைக் கராஜில் செய்விப்பதே நல்லது.

எல்லாச் சில்லும் இறுகியிருந்தால்:

1. மிதியைக் கையால் மேலே இழுங்கள். சில்லு விட்டால் மிதியின் ஸ்பிரிங்கையோ வெளிச்சச் சுவிட்சையோ பாருங்கள். யாரும் மிதிக்காமலே பிறேக் வெளிச்சம் எரிந்தால், மிதி முழுதாக மேலெழவில்லையா அல்லது சுவிட்ச் பிழையா என்று பார்க்க வேண்டும்.

2. விடாவிட்டால், மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்தி, சிலிண்டரை இரண்டு மூன்று மில்லிமீற்றர் முன்னே நகர்த்துங்கள். இப்போது சில்லு விட்டால் தண்டு நீளமாக இருக்கிறது. மொரிஸ் மைனர் காரில் இந்தச் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. அதில் மிதித் தண்டின் வெறும் அசைவையே சரிபார்க்க வேண்டும்.

3. அப்போதும் விடாவிட்டால், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளியேறும் குழாய் நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். ஒயில் பீறிட்டுச் சில்லு விட்டால், சிலிண்டருக்குள் துவாரம் அடைபட்டிருக்கிறது, அல்லது றப்பர் வீங்கியிருக்கிறது.

ஒரு சில்லு மட்டும் இறுகியிருந்தால்:

1. அந்தச் சில்லின் றப்பர் குழாய் இரும்புக் குழாயுடன் சேரும் இடத்தைச் சற்றுத் தளர்த்துங்கள். சில்லு விட்டால் பிழை அதற்கு முன்னால், மாஸ்டர் சிலிண்டர்ப் பக்கத்தில்.

2. விடாவிட்டால், சில்லில் காற்று எடுக்கும் நிப்பிளைத் திறவுங்கள். ஒயில் பீறிட்டுச் சில்லு விட்டால் றப்பர் குழாய் உள்ளே அடைபட்டிருக்கிறது.

3. நிப்பிளைத் திறந்தும் விடாவிட்டால் அழுத்தம் குற்றவாளி அல்ல. துருப்பிடித்த பிஸ்டன், ஓடாத கலிப்பர் ஊசி, லைனர், கைப்பிறேக், பெயாரிங் என்பவற்றைத் தேட வேண்டும்.

குழாயையோ நிப்பிளையோ திறந்த வாகனத்தில் காற்றுப் புகுந்திருக்கும். புது ஒயில் விட்டுக் காற்றை முற்றாக எடுத்து, மிதி கல் போல நிற்கும் வரை அதை வீதியில் இறக்கக்கூடாது.

மண்ணெண்ணெய் தந்த பழக்கம்

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, வடக்கில் பெற்றோல் கார்களைச் சில துளி பெற்றோலில் இயக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கெட்டித்தனம் பல உயிர்களைக் காத்தது. ஆனால் "எந்த எண்ணெயும் ஊற்றி ஓட்டலாம்" என்ற எண்ணம் பிறேக்கிற்குப் பொருந்தாது. என்ஜின் ஒயில், மண்ணெண்ணெய், கிறீஸ் போன்ற கனிய எண்ணெய்கள் பிறேக்கிலுள்ள றப்பரை வீங்கச் செய்யும். வீங்கிய றப்பர் அந்தச் சிறு துவாரத்தை மூடிவிடும். றப்பர்களை மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டுவதாலும் இது நேரலாம்.

இதைச் சோதிப்பது எளிது. தாங்கியிலிருந்து சிறிது ஒயிலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து, அதே அளவு தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். டொட் 3, டொட் 4 ஒயில் தண்ணீருடன் கலந்துவிடும். மேலே ஒரு படை மிதந்தால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. அப்போது ஒயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. எல்லா றப்பர்களையும் றப்பர் குழாய்களையும் மாற்றி, இரும்புக் குழாய்களையும் கழுவ வேண்டும். பிறேக் பாகங்களைக் கழுவப் பிறேக் ஒயிலும் ஸ்பிரிட்டுமே ஏற்றவை.

உப்புக் காற்று

தலைமன்னாரிலும் பேசாலையிலும் வங்காலையிலும் கடற்காற்றில் உப்பும் மணலும் சேர்ந்து வரும். கலிப்பர் ஊசிகளும் கைப்பிறேக் கேபிளும் துருப்பிடிக்க இதுவே போதும். புது பாட் பழைய துருப்படையில் சிக்கி ஓடாமல் நிற்கும். பாட் மாற்றும் ஒவ்வொரு முறையும் துருவைச் சுரண்டி, ஊசிகளுக்கு றப்பரைப் பாதிக்காத பிறேக் கிறீஸ் இடும்படி கேளுங்கள். திறந்து வைத்த ஒயில் போத்தலில் மிஞ்சியதை அடுத்த வருடத்துக்கென்று சேமிக்காதீர்கள். அதில் ஈரம் ஏறியிருக்கும்.

வீதியில் இறுகிவிட்டால்

ஓரமாக நிறுத்துங்கள். எல்லோரையும் இறக்குங்கள். சில்லுக்குக் கல் வையுங்கள். பின்சில்லு கொதித்தால் கைப்பிறேக் இழுக்க வேண்டாம். வாளித் தண்ணீரை ஊற்ற வேண்டாம், சூடான இரும்பு வெடிக்கவோ கோணவோ கூடும். புகை வந்தால் விலகி நில்லுங்கள், ரயர் தீப்பற்றக்கூடும். ஆறிய பின் பிறேக் விட்டாலும் ஆட்களையோ நெல் மூட்டையையோ ஏற்ற வேண்டாம். பிழை இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

வாகனத்தில் ஒரு கொப்பி வைத்திருங்கள். எந்தச் சில்லு, எத்தனை கிலோமீற்றரில் இறுகியது, எவ்வளவு நேரத்தில் விட்டது, கடைசியாக எதை மாற்றினோம் என்று திகதியுடன் எழுதுங்கள். அதை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நல்ல மெக்கானிக் அதைக் குறையாக எடுக்கமாட்டார். அவருக்கும் அது வேலையை இலகுவாக்கும்.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது ஊரில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றும் வாகனங்களின் பிறேக் ஒயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது?

2. கடந்த ஒரு வருடத்தில் பிழை இருக்கும் இடம் தெரியாமல் நாம் வாங்கிய உதிரிப்பாகங்களுக்கு எவ்வளவு செலவானது?

3. ஒரு ஜக்கும், கண்ணாடியும், நிப்பிள் சாவியும் சங்கத்தின் பொதுச் சொத்தாக வாங்கி வைக்க முடியுமா? அவற்றைப் பயன்படுத்த யாரைப் பழக்கலாம்?