219 மேட்ச், 0 கோல், ஒரு சம்பள ஒப்பந்தம்: ஃபிக்ஸட் நல்லதா, இன்சென்டிவ் நல்லதா?

"ஃபிக்ஸட் சம்பளம் கம்மி, ஆனா இன்சென்டிவ் நல்லா வரும்னு சொல்றாங்க, போகலாமா?" வேலை மாறப்போற யாரைக் கேட்டாலும் இந்தக் குழப்பம் இருக்கும். இதுக்கு ஒரு கால்பந்து வீராங்கனையோட வாழ்க்கையில தெளிவான விடை இருக்கு. அதனால இன்னிக்கு மியூச்சுவல் ஃபண்டை ஓரமா வெச்சிட்டு அமெரிக்கா போவோம்.

அவங்க பேர் பெக்கி சாவர்பிரன். 1985-ல செயின்ட் லூயிஸ் நகரத்துல பிறந்தவங்க. தடுப்பாட்டக்காரர். அமெரிக்க தேசிய அணிக்காக 219 மேட்ச் ஆடியும் ஒரு கோல்கூட அடிச்சதில்லை. ஆனா 2015, 2019 ரெண்டு உலகக் கோப்பை, 2012 ஒலிம்பிக் தங்கம் எல்லாத்துலயும் அவங்க இருந்தாங்க. கோல் அடிக்கிறவங்களைத் தேடித்தான் விளம்பரம் வரும். கோலைத் தடுக்கிறவங்களுக்கு சம்பளம்தான் பிரதான வருமானம். நம்மில் பெரும்பாலானவங்க நிலைமையும் அதுதானே!

முதல்ல அவங்க வேலை பார்த்த இடங்களைப் பாருங்க. 2009-ல டபிள்யூ.பி.எஸ். என்ற தொழில்முறை லீக் ஆரம்பிச்சப்போ வாஷிங்டன் ஃப்ரீடம் அணியில சேர்ந்தாங்க. ரெண்டு சீசன் கழிச்சு அணி கை மாறி, பேர் மாறி, ஃபுளோரிடாவுக்கே போயிடுச்சு. 2012-ல லீக்கையே மூடிட்டாங்க. 2013-ல என்.டபிள்யூ.எஸ்.எல். என்ற புது லீக் வந்தது. அதுல கான்சாஸ் சிட்டி அணிக்கு ஆடி 2014, 2015 ரெண்டு வருஷமும் சாம்பியன். 2017 கடைசியில அந்த அணியும் மூடல்! அடுத்து யூட்டா. 2020-ல அங்கிருந்து போர்ட்லாண்டுக்கு மாறினாங்க, அதே வருஷக் கடைசியில யூட்டா அணியும் நின்னுபோச்சு. (2024-ல வேற முதலாளிகளோட அது திரும்ப வந்தது தனிக்கதை.)

வேலையில எந்தக் குறையும் இல்லை. என்.டபிள்யூ.எஸ்.எல்.லின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நாலு தடவை வாங்கினவங்க. அப்படியும் கம்பெனி காலுக்குக் கீழே காணாமப் போயிட்டே இருந்தது. நல்லா வேலை செஞ்சா வேலை நிலைக்கும்னு நாம நம்புறோம், ஆனா முதலாளியோட கணக்குல நம்ம திறமை ஒரு வரி மட்டும்தான்.

சரி, சம்பளம்? 2013-ல அந்த லீக்கில் ஒரு வீராங்கனையோட குறைந்தபட்ச சம்பளம் சீசனுக்கு 6,000 டாலர். அன்றைய மதிப்புல ஏறக்குறைய மூன்றரை லட்சம் ரூபாய், அதுவும் அமெரிக்காவுல வாழ்றதுக்கு! உச்சவரம்பு 30,000 டாலர். தேசிய அணியில இருக்கிறவங்களுக்கு மட்டும் கிளப் சம்பளத்தையும் அமெரிக்கக் கால்பந்து சம்மேளனமே கொடுத்தது. அதாவது முன்னணி வீராங்கனைகளோட ரெண்டு வருமானமும் ஒரே பாக்கெட்டிலிருந்துதான் வந்தது.

இப்போ விஷயத்துக்கு வருவோம். 2016-ல சாவர்பிரன் உள்பட அஞ்சு வீராங்கனைகள் சம்மேளனத்து மேல அரசு ஆணையத்துல சம்பளப் பாகுபாடு புகார் கொடுத்தாங்க. 2019 மார்ச் 8-ல, மகளிர் தினத்தன்னிக்கே, 28 பேர் சேர்ந்து வழக்குப் போட்டாங்க. 2020 மே மாசம் அந்தச் சம்பளக் கோரிக்கையை நீதிபதி தள்ளுபடி பண்ணினார். அவர் பார்த்த கணக்கு இதுதான்: 2015 முதல் 2019 வரை பெண்கள் அணி 111 மேட்ச் ஆடி சுமார் 2.45 கோடி டாலர் வாங்கியிருக்கு, ஆண்கள் அணி 87 மேட்ச் ஆடி 1.85 கோடி. மேட்சுக்கு சராசரி பார்த்தா பெண்களுக்கு 2,20,747 டாலர், ஆண்களுக்கு 2,12,639 டாலர். "பெண்களுக்குத்தானே அதிகம்?"

மேலோட்டமா பார்த்தா சரிதான். ஆனா இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்தக் காலத்துல பெண்கள் அணி ரெண்டு உலகக் கோப்பை ஜெயிச்சது. ஆண்கள் அணி 2018 உலகக் கோப்பைக்குத் தகுதியே பெறலை. உலகத்திலேயே முதலிடத்துல இருந்து ஓயாம ஜெயிச்சவங்களுக்கும், தோத்துட்டிருந்தவங்களுக்கும் சராசரி கிட்டத்தட்ட ஒண்ணா வருதுன்னா, ஜெயிச்சதுக்கான தொகை எங்கே போச்சு?

அது ஒப்பந்தத்தோட வடிவத்துக்குள்ள போச்சு. ஆண்களுக்கு ஆடினா பணம், ஜெயிச்சா பெரிய போனஸ், அணியில எடுக்கலைன்னா ஒண்ணும் இல்லை. 2017 ஒப்பந்தத்துல முன்னணி வீராங்கனைகளுக்கு வருஷத்துக்கு 1,00,000 டாலர் உறுதிச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, குழந்தை பராமரிப்பு உதவி. அதுக்குப் பதிலா போனஸ் சின்னது. அந்த உறுதியைக் கேட்டு வாங்கினதும் நீங்கதானேன்னு நீதிபதி சொன்னார். எனக்கு அது முழு நியாயமாப் படலை. வேலை செய்ற இடம் மூடினதைப் பார்த்த ஒருத்தர் உறுதியைக் கேட்காம வேற எதைக் கேட்பார்? ஆண்களுக்கு கிளப் சம்பளமே லட்சக்கணக்குல இருந்தது, அவங்களால ரிஸ்க் எடுக்க முடிஞ்சது.

வீராங்கனைகள் மேல்முறையீடு போனாங்க. 2022 பிப்ரவரியில சமரசம் ஆச்சு. 2.2 கோடி டாலர் வீராங்கனைகளுக்கு. கூடவே 20 லட்சம் டாலர் தனி நிதி, ஓய்வுக்குப் பிறகு வேற தொழிலுக்கோ சமூகப் பணிக்கோ ஒருத்தர் 50,000 டாலர் வரை கேட்கலாம். மே மாசம் புது ஒப்பந்தம் வந்தப்போ வீராங்கனைகள் சங்கத் தலைவர் சாவர்பிரன்தான். உறுதிச் சம்பளம் போச்சு, ஆண்களுக்குச் சமமான மேட்ச் தொகையும் போனஸும் வந்தது. ஆனா குழந்தை பராமரிப்பை விடலை. நம்ம பி.எஃப். மாதிரி 401(கே) ஓய்வூதியக் கணக்கும் சேர்த்தாங்க, வருமானத்தில் 5 சதவீதம் வரை சம்மேளனமும் போடும். கிளப் சம்பளம் இனிமே நேரா கிளப்பிலிருந்து. அதாவது வருமானம் ரெண்டு தனித்தனி பாக்கெட்டா பிரிஞ்சது. கவனிச்சீங்களா, கிளப் வருமானம் ஓரளவு நிலையானதுக்கு அப்புறம்தான் தேசிய அணியில இன்சென்டிவுக்கு மாறினாங்க. அந்த வருஷம்தான் லீக்கோட குறைந்தபட்ச சம்பளமும் 35,000 டாலர் ஆச்சு.

மறு வருஷமே இந்த ரிஸ்க் சாவர்பிரன் வாசலுக்கே வந்தது. 2023 ஏப்ரல்ல கால்ல காயம், உலகக் கோப்பை போச்சு. 38 வயசு, அடுத்த வாய்ப்பு இல்லை. ஆடாத மேட்சுக்கு மேட்ச் தொகை கிடையாது. ஆனா கிளப் வேலை கையில இருந்தது. 2024 டிசம்பர்ல ஓய்வு அறிவிச்சாங்க.

இப்போ உங்க ஆஃபரை எடுங்க. உதாரணமா, முதல் கம்பெனி மாசம் 45,000 ஃபிக்ஸட், வருஷத்துக்கு 5,40,000. ரெண்டாவது 25,000 ஃபிக்ஸட், டார்கெட் அடிச்சா 40,000 இன்சென்டிவ். 12 மாசத்துல 8 மாசம் அடிச்சீங்கன்னா 3,00,000 + 3,20,000 = 6,20,000. 80,000 லாபம்னு தோணும். முதல் கம்பெனி பி.எஃப்.ல தன் பங்கா மாசம் 2,400 போட்டா அது 28,800. குடும்ப மருத்துவக் காப்பீட்டை நீங்களே எடுத்தா 25,000 ஆகும்னு வைங்க. ரெண்டையும் கழிச்சா மிச்சம் 26,200. மாசம் 2,200 கூட இல்லை! அந்தத் தொகைக்காக வருஷத்துல நாலு மாசம் 25,000-ல குடும்பம் நடத்தத் தயாரா? வீட்டுக்கடன் ஈ.எம்.ஐ. 20,000 இருந்தா மீதி 5,000தான்.

வீட்ல இன்னொருத்தர் நிலையான சம்பளம் வாங்குறாங்க, ஆறு மாசச் செலவு வங்கியில இருக்கு, காப்பீடு தனியா எடுத்தாச்சுன்னா இன்சென்டிவ் வேலைக்கு தைரியமா போகலாம். இது எதுவும் இல்லைன்னா, பேச்சுவார்த்தையில இன்சென்டிவைக் கூட்டிக் கேட்காதீங்க. ஃபிக்ஸடை 30,000 ஆக்க முடியுமா, காப்பீட்டை அவங்க ஏத்துப்பாங்களான்னு கேளுங்க. அப்புறம் ஹெச்.ஆர்.கிட்ட இன்னொரு கேள்வி: போன வருஷம் அந்த டார்கெட்டை எத்தனை பேர், எத்தனை மாசம் அடிச்சாங்க? பதில் வாயால வந்தா போதாது, மெயில்ல வாங்கிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.