நடப்போர்க்கும் உரியது தெரு

பத்துப்பாட்டுள் இறுதியாக நிற்பது மலைபடுகடாம். செங்கண்மாவில் இருந்து ஆண்ட நன்னனிடத்தே பரிசில் பெற்று மீள்வோன் ஒருவன், எதிர்ப்பட்ட கூத்தர்க்கு வழி கூறும் முறையில் அமைந்தது அந்நூல். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். சவ்வாது மலையைச் சார்ந்த நம் போளூருக்கு அண்மையது. பன்றிக்கு வைத்த பொறி, கவண்கல், வழுக்கு நிலம் என வழியில் உள்ள இடையூறுகளை அந்நூல் ஒவ்வொன்றாக எடுத்துரைத்து எச்சரிக்கின்றது. வழிச் செல்வோரைக் காத்தல் வழியறிந்தார் கடன் என்பது இதனாற் பெறப்படும். அக்கடன் இந்நாளில் யாரைச் சார்ந்தது, அதனை எங்ஙனம் ஆற்றலாம் என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

இந்நாளைய வழியில் தலையாய இடையூறு யாது? வேகமே. மணிக்கு 30 கிலோமீட்டர் செல்லும் வண்டி 60 கிலோமீட்டர் செல்லுமாயின், அதன் இயக்க ஆற்றல் இரு மடங்கு ஆவதன்று, நான்கு மடங்காகும். இரும்புக் கூட்டினுள் அமர்ந்தோன் அம்மோதலுக்கு ஒருகால் தப்பலாம். வெறுங்காலோடு நடப்போன் தப்புதல் அரிது. இந்திய அரசின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துக்களில் மாண்டோர் 1,68,491 பேர். அவருள் 32,825 பேர் நடந்து சென்றோர். அஃதாவது ஐவருள் ஏறத்தாழ ஒருவர். 2020ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரிற் கூடிய உலக மாநாடு, நடப்போரும் வண்டிகளும் விரவிச் செல்லும் இடங்களில் வேகம் 30 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது என்று வற்புறுத்தியதன் காரணம் இதுவே.

இனி, கடன் யாருடையது என்பதனைக் காண்போம். 1992ஆம் ஆண்டின் எழுபத்துநான்காம் அரசியலமைப்புத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கனவாக அதிற் கூறப்பட்ட பதினெட்டுப் பொருள்களுள் சாலை, பாலம், தெருவிளக்கு, வண்டி நிறுத்துமிடம், பஸ் நிறுத்தம் ஆகியனவும் உள. நடைபாதைக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் அளவு வகுத்திருக்கின்றது. தடையற்ற அகலம் 1.8 மீட்டருக்குக் குறைதலாகாது. உயரம் 150 மில்லிமீட்டருக்கு மிகுதலாகாது. உயரத்திற்கு எல்லை எற்றுக்கு எனின், படி உயர்ந்துவிட்டால் முதியோர் அதில் ஏறாமல் வண்டிகளுக்கு இடையே நடக்கத் தலைப்படுவர் என்க. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன் 2012ஆம் ஆண்டில் தொடுத்த வழக்கில், 2025ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை உயிர் வாழும் உரிமையின் பாற்பட்டது என்று கூறிற்று. ஆகவே நடைபாதை அமைத்தல் அருளால் ஈவதன்று; கடமையாற் செய்வதாம்.

இக்கடமையை முன்னின்று ஏற்றது சென்னை மாநகராட்சி. நடப்போரையும் மிதிவண்டியோரையும் முதலாகக் கொண்ட கொள்கை ஒன்றை அது 2014ஆம் ஆண்டில் மேற்கொண்டு, போக்குவரத்துக்கு ஒதுக்கும் பொருளில் நூற்றுக்கு 60 பங்கேனும் அவர்க்குச் செலவிட வேண்டும் என வகுத்தது. தியாகராய நகரத்துப் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதைகள் 2019ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பெற்றன.

நடைபாதையில் கடை வைத்துப் பிழைக்கும் எளியோர் என்னாவர் என்று சிலர் வினவலாம். நல்ல வினாவே. அவரைத் துரத்துதல் தீர்வாகாது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், அவர்க்கு இடம் வகுக்கும் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் அவ்வியாபாரிகளே இருத்தல் வேண்டும் என்கின்றது. நடப்போனுக்கு ஒரு வரம்பும் விற்போனுக்கு ஒரு வரம்பும் அமைத்தலே முறை.

போளூரை நோக்குவோம். வேலூரினின்று திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூர் வழியே செல்கின்றது. ஜமுனாமரத்தூர் மலைப்பாதையும் இங்கு வந்து சேர்கின்றது. தொலைவூர் செல்லும் லாரிக்கு இவ்வூர் வழியிடை ஊர். மலையினின்று இறங்கி வருவோர்க்கோ இதுவே சந்தையும் மருத்துவமனையும் உள்ள ஊர். முன்னது விரைய விரும்பும். பின்னவர் கடக்க விரும்புவர். நெடுஞ்சாலை ஒரு துறையின் பொறுப்பு. அதிற் கூடும் தெருக்கள் உள்ளாட்சி மன்றத்தாரின் பொறுப்பு. இரண்டும் கூடும் முனையிலேதான் நடப்போன் காவலின்றி நிற்கின்றான். ஆதலின் அவ்விரு திறத்தாரும் ஒருங்கிருந்து திட்டமிடுதல் வேண்டும். பள்ளி வாயிலிலும் பஸ் நிலையத்திலும் சாலையைச் சிறிது உயர்த்திக் கடவை அமைத்தல், விளக்கிடுதல், நடைபாதையை இடையறாது கொண்டு செலுத்தல் ஆகியன மேம்பாலம் கட்டுதல் போலப் பெரும்பொருள் வேண்டுவன அல்ல.

மாணவராகிய நாம் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொண்டு, நம் தெருவின் நடைபாதை எவ்விடத்து 1.8 மீட்டர் உளது, எவ்விடத்து அறுகின்றது, எவ்விடத்து இல்லவே இல்லை என்று குறித்து, அக்குறிப்பை மன்றத்தாரிடம் சேர்ப்போமாக. தலைச்சுமையோடு மலையினின்று வரும் முதியவள் ஒருத்தி, பிறர் கையைப் பற்றாமல், பஸ்ஸினின்று இறங்கி மருத்துவமனை வரை அஞ்சாது நடத்தல் கூடுமேல், அத்தெருவை நல்ல தெரு எனலாம்.