படித்தபின் கேட்டவர்

கேள்வி கேட்பதும் ஒரு கலை. நன்றாகக் கேட்க விரும்புவோர் முதலில் நன்றாகப் படித்தல் வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதற்குச் சிறந்த சான்று ஒன்று உண்டு.

சி-ஸ்பான் என்னும் தொலைக்காட்சியை நிறுவியவர் பிரையன் லாம்ப். அவர் 1989 முதல் 2004 வரை ‘புக்நோட்ஸ்’ என்னும் நேர்காணல் நிகழ்ச்சியை நடத்தினார். அது ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒளிபரப்பாயிற்று. அதில் கதை நூல்களுக்கு இடமில்லை. வரலாறு, அரசியல், வாழ்க்கை வரலாறு முதலியவற்றை எழுதியோரே பங்கேற்றனர். ஓர் ஆசிரியருக்கு ஒருமுறை மட்டுமே வாய்ப்பு அளிக்கப்பட்டது.

லாம்ப் நூலை முன்னரே படித்து, அதிலேயே குறிப்புகள் எழுதி வைப்பார். எனினும், அரங்கில் தம் புலமையைக் காட்ட முயலமாட்டார். நூலை ஏன் எழுதினார், எங்கே அமர்ந்து எழுதினார் என்பன போன்ற எளிய வினாக்களைச் சுருக்கமாகக் கேட்பார். பின்னர் அமைதியாகச் செவிமடுப்பார். அதனால் நூலைப் படிக்காதவர்க்கும் அதன் பொருள் விளங்கிற்று.

இவ்வாறு அவர் ஏறத்தாழ 800 ஆசிரியர்களுடன் உரையாடினார். அவர் குறிப்பெழுதிய நூல்கள் இன்று ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. வினா சிறியதாக இருக்கலாம்; அதற்குப் பின்னுள்ள படிப்பு பெரியதாக இருத்தல் வேண்டும்.

சொற்பொருள்
சான்று – எடுத்துக்காட்டு
புலமை – ஆழ்ந்த அறிவு
செவிமடுத்தல் – கவனமாகக் கேட்டல்

பயிற்சி
1. ‘புக்நோட்ஸ்’ நிகழ்ச்சியில் எத்தகைய ஆசிரியர்கள் பங்கேற்றனர்?
2. லாம்ப் எளிய வினாக்களைக் கேட்டதால் விளைந்த பயன் யாது?
3. நீங்கள் படித்த நூல் ஒன்றின் ஆசிரியரிடம் கேட்க விரும்பும் மூன்று வினாக்களை எழுதுக.