பாதத்தை ஸ்கேன் பண்ணும் முன், போனைச் சரிபார்த்தீங்களா?

ஷூ தைக்கிற ஆம்பூர், வேலூர் பக்கம் இருந்துகொண்டே, ஆன்லைனில் வாங்கிய ஷூ கடிக்குதுன்னு திருப்பி அனுப்புகிறோம். பல நேரம் தப்பு ஷூவில் இல்லை, அளவில்தான்.

2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. இந்தியருக்கெனத் தனி அளவுமுறை வகுக்கவே அந்த ஆய்வு. இப்போது போன் செயலிகளும் பாதத்தை அளக்கின்றன. பல செயலிகளில் கேமராவோடு அசைவு சென்சார்களும் சேர்ந்தே கணக்குப் போடுகின்றன. சென்சார் பிசகினால் அளவும் பிசகும்.

என்ன செய்யணும்?

1. காந்தப் பட்டன் உள்ள லெதர் கவரைக் கழற்றிடுங்க. காந்தம் திசைகாட்டியைக் குழப்பும்.

2. போனைக் காற்றில் 8 வடிவில் சில முறை சுழற்றுங்க.

3. சமமான மேசையில் சில நொடி அசையாமல் வையுங்க.

4. முதலில் ஏ4 தாளை அளங்க. நீளம் 297 மி.மீ. வரணும். 290 காட்டினால், 250 மி.மீ. பாதத்தில் சுமார் 6 மி.மீ. குறையும். யு.கே. அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசமே சுமார் 8.5 மி.மீ.தான்!

5. மாலையில், நின்றபடி இரு பாதங்களையும் அளந்து, பெரிய அளவையே எடுங்க.

சர்க்கரை நோயாளிகள் கவனிக்க: உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு ஷூ கடிப்பது தெரியாது, சின்னக் கொப்புளமே ஆறாத புண்ணாகலாம். செயலியை மட்டும் நம்பாம, மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிட்டே செருப்பு வாங்குங்க.